யோர்க் நகரத்துக் குளக்கட்டு

சனிக்கிழமை இரவு, யோர்க்.

மகள் வதனி இந்தப் பழைய ஆங்கில நகரத்தைக் காட்ட என்னைக் கூட்டிவந்திருக்கிறாள். நாளை மாலை அவள் வீட்டுக்குத் திரும்புவோம். பெரிய தேவாலயத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து நோகிறது. கல்லில் இப்படியும் பூ வேலை செய்வார்களா? ஒரு குப்பை இல்லை, ஒரு கல் பெயரவில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு நகரத்தைச் சுற்றியிருக்கும் மதிலுக்குப் போனோம். புல் மூடிய உயரமான மண்மேடு, சரிவெல்லாம் மஞ்சள் பூ, அதன் உச்சியில் கல்மதில். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்?

"நல்ல வடிவான குளக்கட்டு. குளம் எங்கை பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன்.

வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். "குளமில்லை அப்பா. அந்தக் காலத்தில ஆமி உள்ளுக்கு வராமல் போட்ட மண் அணை."

சின்ன வயதிலேயே இங்கே வந்தவள். வரம்பு, வாய்க்கால் எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டன. மண் அணை என்ற சொல் மட்டும் எப்படி நின்றது? சண்டைக் காலத்தில் இராணுவத்தை மறிக்க எங்கள் வயல் மண்ணை வழித்துப் போட்ட அணையின் ஓரமாக அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவளுக்கு அது நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை.

மதிலின் மேல் ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி, ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஆறுதலாக நடந்துபோனார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

"நாளைக்கு முழுக்கச் சுத்தி நடப்பம், என்ன?" என்றாள்.

"ஓம்" என்றேன். அவளோடு ஒரு மண் அணையில் நடந்து பார்க்க வேண்டும்.