முக்கால் மணி நேரம்

ராத்பரி,
மார்ச் 14

அன்புள்ள ரோவினாவுக்கு,

சென்ற வியாழக்கிழமை காலை எட்டே காலுக்கு இந்த வீட்டில் ஒரு முக்கியமான தீர்மானம் நிறைவேறியது. முட்டை சாண்ட்விச் வேண்டாம், வெள்ளரிக்காய் சாண்ட்விச்தான். உன் சித்தப்பா முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன், எதிர்ப்பு இல்லை. முட்டை வாடை நோயாளியின் அறைக்கு ஒத்துவராது என்பது அவர் சொன்ன காரணம். உன் அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டை ஆகாது என்பதுதான் உண்மையான காரணம். பதினோரு வருடமாகப் பேசாத அண்ணனுக்கு எது பிடிக்காது என்பது நினைவிருக்கிறதென்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

நீ எழுதிய நான்கு வரிகளை இருவரும் படித்தோம்: அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சித்தப்பா மூன்று தடவை சொன்னதாக நர்ஸ் சொல்கிறாள். அவர் வீட்டை விட்டுக் கிளம்பினாரா இல்லையா என்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். கிளம்பாமலே சொன்னார் என்றால் செவ்வாய்க்கிழமை அடக்கத்துக்கு அவர் வர வேண்டாம். நியாயமான கேள்வி. நீ அவ்வளவு தூரம் டனீடனிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும்போது விடுதியின் வரவேற்பு மேசையில் இந்தக் கடிதம் உனக்காகக் காத்திருக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன்.

கிளம்பினோம். ஒன்பது பத்துக்கு.

உன் அப்பா இருந்த மருத்துவ இல்லம் கார்லைலில், இங்கிருந்து ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. பத்து மணி வாக்கில், ரோமானியச் சுவரை ஒட்டிப் போகும் சாலையில், லாரிகள் ஒதுங்கும் ஓர் இடத்தில் உன் சித்தப்பா காரை நிறுத்தினார். டீ குடிக்க என்றார். எங்களிடம் பிளாஸ்க்கில் டீ இருந்தது. அண்ணனிடம் பேச வேண்டிய முதல் வாக்கியம் இன்னும் முடிவாகவில்லை, அதனால்தான் நிறுத்தினார். முப்பத்தாறு வருடம் கவுன்சிலில் கட்டட அனுமதி கொடுத்தவர். வரைவு இல்லாமல் எதையும் வெளியிட மாட்டார். ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முறை இருமியது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

அவருக்குக் கவலையே இல்லை. சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். வழியில் வண்டி நின்றால் ஆள் அனுப்பும் நிறுவனத்தின் உறுப்பினர் அட்டை. நாற்பத்து நான்கு வருடமாகத் தவறாமல் புதுப்பித்தது. இந்த விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. சிறு வயதில் அண்ணனும் தம்பியும் பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, மோட்டார் சைக்கிளில் எதிரே வந்த அந்த நிறுவனத்தின் ரோந்துக்காரர் உன் தாத்தாவின் காருக்கு சல்யூட் அடித்தாராம். அந்த நொடியிலிருந்து தன்னை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று தம்பி நம்பினார். அண்ணன் கேட்டது, "அந்தாளுக்கு வேற வேலையே இல்லையா?"

போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார், அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது. வண்டியில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள். "இல்லம்மா, ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்." குழந்தைகள்? இல்லை. தனியாக இருக்கும் பெண்? "என் மனைவி இருக்கா. தனியா இல்ல." வேறு ஏதாவது அவசரம்? "எங்க அண்ணன் சாகக் கிடக்கறார்." அவள் உண்மையாகவே பதறினாள். "ஐயோ சார், அவர் வண்டியிலயா இருக்கார்?" "இல்ல, கார்லைல்ல." "அப்ப வண்டியில இல்ல." "இல்ல." எதையோ தட்டும் சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரத்தில் ஆள் வந்துவிடுவார், அதுவரை வண்டியை விட்டு அகலக்கூடாது, அகன்றால் அழைப்பு ரத்தாகிவிடும் என்றாள்.

அங்கே ஒரு டீ வேன் நிற்கும். பெர்ல் என்பவள் நடத்துகிறாள். பன்றி இறைச்சி வறுத்து ரொட்டியில் வைத்துத் தருவாள். எங்களைப் பார்த்ததும், "என்ன ராசா, வண்டி மக்கர் பண்ணுதா? யாரக் கூப்பிட்டீங்க?" என்றாள். இவர் அட்டையைக் காட்டினார். அவள் அதை நோயாளியின் நாடியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சரிதான். ரெண்டு டீ போதுமா, இல்ல மத்தியான சாப்பாட்டுக்கும் சேத்துச் சொல்லிடறீங்களா?"

பதினொன்றேகாலுக்கு மறுபடி கூப்பிட்டோம். முக்கால் மணி நேரம் என்றார்கள். போனில் ஒரு வரைபடம் அனுப்பினார்கள். அதில் குட்டி வேன் ஒன்று எங்களை நோக்கி வந்து, ஹெக்ஸம் பக்கம் திரும்பிப் போய்விட்டது. வேறு யாருக்கோ அவசரம் போலிருக்கிறது. அவர்களுடைய நோயாளி வண்டிக்குள்ளேயே இருந்திருப்பார்.

அப்போதுதான் மருத்துவ இல்லத்திலிருந்து நர்ஸ் முதல் தடவை கூப்பிட்டாள். "கேட்டுக்கிட்டே இருக்கார், வந்துட்டு இருக்கீங்கல்ல?" உன் சித்தப்பா என்ன சொல்வார்? அவருக்கு அதிகாரபூர்வமாகத் தெரிவிக்கப்பட்டதைத்தான் சொன்னார். "முக்கால் மணி நேரத்துல." அது ஆள் வருவதற்கான நேரம், தான் வருவதற்கான நேரம் இல்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் திருத்தவில்லை. அந்த நேரத்தில் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நெவில் வந்தான். பெர்லின் தங்கை புருஷன். பத்து நிமிட தூரத்தில் பட்டறை வைத்திருக்கிறான். ரொட்டியைக் கடித்தபடியே திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "பெரியவரே, பேட்டரி கம்பி லூசாயிருக்கு. ஸ்பானர் போட்டா ரெண்டு நிமிஷம்."

உன் சித்தப்பா கேட்டார், "நீங்க அங்கீகாரம் பெற்ற ஆளா?"

"நான் நெவில்," என்றான் அவன்.

இவர் விதிப் புத்தகத்தை எடுத்து, பதினான்காம் விதியைப் படித்துக் காட்டினார். நிறுவனம் அனுப்பாத நபர் வண்டியில் கை வைத்தால் நிறுவனத்தின் பொறுப்பு அத்துடன் முடிகிறது. நெவில் பொறுமையாகக் கேட்டான். ரொட்டியை விழுங்கிவிட்டுச் சொன்னான், "இந்தப் பக்கம் அவங்களுக்கு ஆளே கிடையாது சார். சுத்திச் சுத்தி கடைசியில என்னைத்தான் அனுப்புவாங்க."

"அப்ப அனுப்பினதும் வாங்க," என்றார் உன் சித்தப்பா. ஏளனமாக இல்லை, நன்றியோடுதான் சொன்னார். நிறுவனத்தை மறுபடி கூப்பிட்டு, நெவில் என்று ஒருவர் இங்கேயே நிற்கிறார், அவரையே அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். யாரை அனுப்புவதென்று கணினிதான் முடிவு செய்யும், உறுப்பினர் தேர்ந்தெடுக்க முடியாது என்றார்கள். நெவில் தன் போனைப் பார்த்தான். அதில் ஒன்றும் வரவில்லை. யாருடைய டிராக்டரையோ பார்க்கப் போய்விட்டான்.

பெர்ல் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "வண்டியில கம்பிதான் கழண்டிருக்கு, உங்காளுக்கு மறையே கழண்டிருக்கு. ஏறுங்க ரெண்டு பேரும், நான் கடைய மூடிட்டு கார்லைல்ல கொண்டுபோய் விட்டுடறேன்." அதைப் போய் அவரிடம் சொன்னேன். வண்டியை விட்டு அகலக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே, ஏற்கெனவே இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாயிற்றே என்றார். நீ மட்டும் போ என்றும் சொன்னார். உன் அப்பா கேட்டது என்னை இல்லை, ரோவினா.

உன் பாட்டியின் அடக்கத்தன்று நடந்ததை உன் அப்பா உனக்கு எப்படிச் சொல்லியிருப்பார் என்று தெரியாது. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கல்லறை வாசலில் அவருடைய பழைய வேன் நின்றுவிட்டது. நல்ல மழை. அந்த அட்டை வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. உறுப்பினர் எந்த வண்டியில் போனாலும் உதவி உண்டு. "நீ என் வேன்லதான் வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா, ஆள் வந்துடுவான்," என்றார் உன் அப்பா. "நான் என் கார்லதானே வந்தேன்," என்றார் இவர். அம்மாவை மண்ணில் வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பொய் எப்படிச் சொல்வது என்றார். உன் அப்பா வேனை அங்கேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டே நடந்து போனார். பதினோரு வருடம் நடந்துகொண்டே இருந்தார்.

கதை கட்டும் திறமை இவருக்கு இல்லை, சரி. எனக்கென்ன குறை? நடமாடும் நூலக வேனில் இருபத்தெட்டு வருடம் இந்த மாவட்டத்துக்கே கதைகள் சுமந்தவள். அன்று தேவைப்பட்டது ஒரே வரி: என் கணவருக்கு நெஞ்சு வலிக்கிறது. இருபது நிமிடத்தில் ஆள் வந்திருப்பார். போன் என் மடியில் இருந்தது. அவர் என்னைப் பார்ப்பாரே என்று பயந்தேன். ஐம்பது வருடம் ஒரு நேர்மையான மனிதரோடு வாழ்ந்தால் உடம்பில் ஏற்படும் கோளாறுகளில் இது ஒன்று. வேறு யாரும் எச்சரிக்காததால் நான் எச்சரிக்கிறேன்.

ஒரு மணிக்கு நர்ஸ் கூப்பிட்டாள். முக்கால் மணி நேரம். இரண்டேகாலுக்குக் கூப்பிட்டாள். முக்கால் மணி நேரம். இரண்டாவது தடவை சொல்லும்போதே இவர் குரலில் அந்தப் போன் பெண்ணின் இனிமை வந்துவிட்டிருந்தது. மூன்று தடவையும் அதை அவள் உன் அப்பாவின் காதில் சொல்லியிருக்கிறாள். அவர் நம்பினாரா என்று தெரியாது. நிறுவனங்களை அவர் நம்பியதில்லை. தம்பி சொன்னால் நம்புவார். தம்பி பொய் சொல்லமாட்டான் என்பது அவருக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகவே தெரியும்.

மூன்று மணிக்கு அவள் கூப்பிட்டபோது எதையும் கேட்கவில்லை. இரண்டு ஐம்பதுக்கு என்று மட்டும் சொன்னாள்.

உன் சித்தப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பெர்ல் இரண்டு டீ கொண்டுவந்து காரின் கூரை மேல் வைத்தாள். மூன்றரைக்கு நிறுவனமே கூப்பிட்டது. தாமதத்துக்கு வருந்தினார்கள்; நிலைமை இன்னும் அவசரம்தானா என்று விசாரித்தார்கள். "இல்ல. இப்ப அவசரம் எதுவும் இல்ல," என்றார். நான் சொன்னேனே, உண்மையைத்தான் சொல்வார்.

நாலரைக்கு நெவில் வந்தான். வேனை நிறுத்தி, சீட்டுக்குப் பின்னாலிருந்து தட்டு அளவில் ஒரு காந்தப் பலகையை எடுத்துக் கதவில் ஒட்டினான், நிறுவனத்தின் சின்னம். அதே கலரில் ஒரு சட்டையையும் மேலே மாட்டினான். இப்போது அவன் அங்கீகாரம் பெற்றவன். எங்கள் முகத்தைப் பார்த்தான், பெர்லைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். "சார், மத்தியானமே..." என்று ஆரம்பித்தவன், அப்படியே நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தான். இரண்டு நிமிடம் என்று சொன்னது மிகை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஐந்தரை வாக்கில் போய்ச் சேர்ந்தோம். உன் அப்பாவுக்குத் தலைவாரி விட்டிருந்தார்கள். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். முதல் வாக்கியம் பன்னிரண்டு மணிக்கே தயாராகிவிட்டதென்று திரும்பி வரும் வழியில் சொன்னார். அது என்னவென்று என்னிடம் சொல்லவில்லை.

எங்களை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. யாரை மன்னிப்பது என்று பட்டியல் போட்டால் நான் அதில் மேலேதான் இருப்பேன். நீ கேட்டதற்குப் பதில்: கிளம்பினார். வழியில் ஆறரை மணி நேரம் நின்றார்.

செவ்வாய்க்கிழமை நீ வேண்டாம் என்றால் அவர் வரமாட்டார். வாசல் வரைக்கும்கூட வரமாட்டார். சொன்னதைக் கேட்டு நடப்பவர். அதனால் உன்னிடம் கேட்கிறேன்: ஒரு வார்த்தை அனுப்பு. சவப்பெட்டியைத் தூக்க வேண்டாம், முன்வரிசை வேண்டாம். அந்த வாக்கியத்தைக் கேட்க வேண்டியவர் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வரை மண்ணுக்கு மேலே இருப்பார். அதற்குள் ஒரு நிமிடம் போதும்.

நீண்ட பயணம் உனக்கு நல்லபடியாக முடியட்டும். நீ போக வேண்டிய இடத்துக்கெல்லாம் நேரத்தில் போய்ச் சேர வேண்டும், கண்ணே.

என்றும் உன் நலம் நாடும் சித்தி,
மாவிஸ்

பி.கு. சேவை எப்படி இருந்தது என்று கேட்டு நிறுவனம் அன்று மாலையே ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே பழுது சரிசெய்யப்பட்டதா என்ற கேள்விக்கு உன் சித்தப்பா 'ஆம்' என்று குறித்து அனுப்பிவிட்டார்.