பத்துத் தாருக்குக் கொஞ்சம் பெரிது

அண்ணே,

போன வாரம் உங்கள் மகள் வந்து ஒரு சாக்கை என் வீட்டு வாசலில் இறக்கி வைத்தாள். அவிழ்ப்பதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது. கருகின கியர் எண்ணெய். நாற்பது வருஷம் தாண்டியும் அது போகவில்லை. உள்ளே இருப்பது என்ன என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் காரிலிருந்து நீங்கள் கழற்றி, உங்கள் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருந்த டார்க் கன்வெர்ட்டர், எஞ்சின் இழுப்பைக் கியருக்குக் கொடுக்கிற சாமான். பூசணிக்காயை மேலும் கீழும் அமுக்கின மாதிரி இரும்பு.

"மாமா இருக்கிறப்ப இதை இறக்கக் கூடாதுன்னு அப்பா வச்சிருந்தாரு. அத்தைகிட்ட குடுத்துடுன்னு கடைசியா சொன்னாரு," என்றாள்.

என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம். நீங்கள் போய் ஒரு மாதம். நடுவில் ஒரு நாள் நீங்களே கொண்டு வந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதையும் நான் ஞாபகத்தில்தான் வைத்திருக்கிறேன்.

முன்பக்கத்தில் வெள்ளைச் சாயத்தில் உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது. ஆள் 7. தேங்காய் 2 சாக்கு. வாழைத்தார் 10. கீழே, 'கேட்டுவிட்டுப் பொருத்து.'

நீங்களும் அவரும் கோலா கங்சார் பக்கத்து எங்கள் தோட்டத்தில் லோரி ஓட்டினவர்கள். நீங்கள் ஈப்போவுக்குப் போய்ப் பட்டறை போட்டீர்கள். அவருக்கு லோரி கவிழ்ந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. எட்டு மாதம் லயத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாராவது பேச்சுக் கொடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். எழுபதுகளின் கடைசியில் தோட்டத்துத் துரை தன் ஊருக்குத் திரும்பும்போது பெரிய எஞ்சின் வைத்த பழைய வேகன் கார் ஒன்றை விற்கப் பார்த்தார். "ஆட்டோ கியரு தங்கச்சி, கிளட்சு கெடையாது, எடது காலே வேணாம்," என்று எனக்குச் சொல்லி அனுப்பியது நீங்கள்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

அந்த வேகன் வந்த பிறகு அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். வாரத்தில் மூன்று நாள் ஈப்போ பாசார்ச் சந்தைக்கு வாழைத்தாரும் தேங்காயும், கூடவே பாசாருக்குப் போகிற பெண்களும். அவர் ஓட்டுவார். ஏற்றுவதும் இறக்குவதும் நான். பாசாரில் அவர் கீழே இறங்கவே மாட்டார். இறங்கினால் தடியை ஊன்ற வேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள்.

பழைய கன்வெர்ட்டர் ஊளையிட ஆரம்பித்தபோது உங்களிடம் கொண்டு வந்தோம். மேசையில் இரண்டை எடுத்து வைத்தீர்கள், ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

"ரெண்டும் இந்த கியர்பாக்ஸுல உக்காரும் மச்சான். சின்னது தொட்டதும் துள்ளும். ஆனா பாரம் ஏத்துனா வழுக்கும், எண்ணெ கொதிச்சிரும். பெருசு கெளம்பக் கொஞ்சம் சோம்பேறி, புடிச்சா விடாது. சின்ன எஞ்சினா இருந்தா பெருசு மூச்ச அமுக்கிரும். உன்னோடது தாங்கும். வண்டியில என்ன ஏத்துறே, அத சொல்லு."

அவர் என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "நானும் உன் தங்கச்சியும்தான் லா. வெள்ளிக்கெழம கோயிலு. வேற என்ன இருக்கு?"

நான் இரண்டு கை தூரத்தில் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருந்தேன். என் கைலி முழுக்க வாழைக்கறை. நீங்கள் பார்க்கவில்லை. கூட லோரி ஓட்டினவனிடம், என் பெண்டாட்டி தார் சுமக்கிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அவர் முகத்துக்காக நானும் வாயை மூடிக்கொண்டேன்.

"அப்ப சின்னதே போதும்," என்றீர்கள்.

மூன்று வாரம்தான். தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறும் செம்மண் மேட்டில் எஞ்சின் போட்ட சத்தம் லயம் வரைக்கும் கேட்டது. வண்டி நகரவில்லை. அடியில் புகை, இதே வாசம். பெண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம்.

"ஏன்டி, காரு நம்மள ஏத்திட்டுப் போவுதா, நாம கார ஏத்திட்டுப் போறோமா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை. பின்னாலிருந்து அவர் கழுத்து மட்டும் தெரிந்தது. இந்த வண்டி போனால் இந்த மனுஷன் மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்காருவார், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

இழுத்துக்கொண்டு வந்து உங்கள் பட்டறையில் விட்டோம். எண்ணெயை வடித்தீர்கள். மையாட்டம் வந்தது. நாலு வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்.

"பொம்பளைங்க யாராச்சும் ஓட்டுனாங்களா?"

"ஓட்டல. ஏத்துனாங்க," என்றேன்.

"என்னத்த?"

"ஆளு ஏழு. தேங்கா ரெண்டு சாக்கு. வாழத்தாரு..." அவரைப் பார்த்தேன். "பத்து."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி?"

"அன்னைக்கே என்னக் கேட்டிருக்கலாம்ல?"

அவர் தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பத்து இல்லை அண்ணே. பன்னிரண்டு. பாசாருக்குப் பின்னால் என் தங்கை வாழைப்பழத்தை மாவில் முக்கிக் கோரேங் பீசாங் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். வேறு மதத்தில் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்று அவள் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றிருந்தார் அவர். அவளுக்கு மூன்று பிள்ளைகள். அவர் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார், பின்கதவு என் கையில். ஒவ்வொரு தடவையும் இரண்டு தார் அவளுக்குப் போகும். மேட்டில் வண்டியைக் கொன்றது அந்த இரண்டு தார்தான் என்று எனக்குள் ஒரு முள். அதை எப்படி அவர் முன்னால் சொல்வேன்?

பத்து நாளில் பெரியதைப் பொருத்தி, வண்டியை நீங்களே தோட்டத்துக்கு ஓட்டி வந்தீர்கள். பாசார் நாள். "எப்பவும் ஏத்துறத ஏத்து," என்றீர்கள். தங்கை காத்திருப்பாளே என்று நானும் பன்னிரண்டையே ஏற்றினேன். நீங்கள் பின்னால் தார்களுக்கு நடுவில், முழங்கால் தாடையில் முட்ட, சுருண்டு உட்கார்ந்துகொண்டீர்கள். மேட்டடியில் வண்டி கொஞ்சம் யோசித்தது. அப்புறம் சத்தமில்லாமல் ஏறியது. மெதுவாக, நிற்காமல்.

"ஏறிருச்சு லா," என்றார் அவர். அந்தப் பத்து நாளில் அவர் பேசின முதல் பேச்சு அதுதான்.

பின்னாலிருந்து நீங்கள் சொன்னீர்கள். "பத்துத் தாருக்கு இது கொஞ்சம் பெருசுதான் மச்சான். பரவால்ல, இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்ன எண்ணிக்கையைக் குத்திக்காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு உங்களுக்கு நான் தேநீர்கூடக் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

அந்த வண்டியை அவர் இன்னும் ஒன்பது வருஷம் ஓட்டினார். ஒரு நாளும் எண்ணெய் கொதிக்கவில்லை. கருகின சின்னதில் அந்தக் கணக்கை எழுதிச் சுவரில் மாட்டினீர்கள். யார் கன்வெர்ட்டர் மாற்ற வந்தாலும் முதலில், "ஏத்துறது யாரு? அவங்களக் கூப்பிடு," என்று கேட்பீர்களாம். பட்டறைக்குப் போகும்போதெல்லாம் அவர் அதற்கு எதிரில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். புதிதாக வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டுவார். "என் பொண்டாட்டி சொன்ன கணக்கு லா இது."

நேற்று அதைக் கழுவலாம் என்று பின்பக்கம் திருப்பினேன். இத்தனை வருஷம் சுவரைப் பார்த்திருந்த பக்கம். அதே வெள்ளைச் சாயம், அதே கையெழுத்து. வேறொன்றும் எழுதவில்லை. 12.

தார்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தவருக்கு எண்ணத் தெரியாதா? எண்ணிவிட்டுத்தான் அவர் காதுக்குப் பத்து என்றீர்கள். முன்பக்கம் அவர் படிக்க, பின்பக்கம் சுவர் படிக்க.

கழுவி முடித்து, சமையலறைப் பின்வாசலில் 12 மேலே தெரியும்படி வைத்திருக்கிறேன். சாயங்காலம் என் தங்கை வந்தாள். அவளுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது.

"என்னக்கா இது, பன்னெண்டுன்னு?"

"ஒன்னோட ரெண்டையும் சேத்துதான்," என்றேன்.

அந்த முள் போய்விட்டது அண்ணே. ஆனால் நாலு பேர் முன்னால் பொம்பளைங்க ஓட்டுனாங்களா என்று கேட்டீர்களே, அது அப்படியேதான் இருக்கிறது.