ஊற்றுக்கு மேலே வெட்டிய பாதை

சனிக்கிழமை, பூனாகலை. சாயந்திரத்தோடு மழை விட்டுவிட்டது.

இன்று தலைவரை எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

எங்கள் மலைக்காப்புச் சங்கத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் தரும் ஊற்றைச் சுற்றி, தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து பெண்கள் நட்ட கன்றுகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. போன வாரம் தலைவர் செல்வம் தன் மச்சானின் ஹோட்டலுக்குப் பாதை போட, பெக்கோ இயந்திரத்தை விட்டு மண்ணை வெட்டி அத்தனையையும் சாய்த்துவிட்டார். கேட்டதற்கு, "பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். இப்போது நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் சேற்றுத் தண்ணீர்தான் வருகிறது.

இன்று எங்கள் சங்கத்துக்குப் பண உதவி செய்கிறவர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். "கீழ்ப்பக்கமா கூட்டிட்டுப் போங்க, செயலாளரம்மா" என்று தலைவர் என் காதோடு சொன்னார். "சரிங்க தலைவரே" என்றேன். நேராக மேலே கூட்டிப்போய், வேரோடு சாய்ந்து கிடந்த கன்றுகளுக்கு நடுவில் அவர்களை நிறுத்தினேன்.

"இது என்னான்னு எங்க தலைவரே சொல்லுவாருங்க."

அவர் குனிந்து செருப்புச் சேற்றை வழித்தார். கன்று நட்ட பெண்களில் ஒருத்தி, கூட வந்த மாரியாயிதான் சொன்னாள்: "அவரு மச்சானுக்கு ரோடுங்க."

அவர்கள் போன பிறகு தலைவர், "இப்புடி அசிங்கப்படுத்திட்டீங்களே" என்றார்.

"இன்னும் முடியலீங்க" என்றேன்.

நாளைக்குக் கூட்டம். அவர் பதவி விலகினால் மட்டும் போதாது. அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவரே குழி தோண்டி ஒவ்வொரு கன்றையும் நட வேண்டும். மன்னிப்புக் கேட்டால் மனம் இளகிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. இளகக் கூடாது.