நூறு கிலோமீட்டரில் பேய் பிடிக்கும் பெட்டி

தோக்கியோ, ரயில் ஆய்வுக்கூடம்
6 மே 1949

ரயில் ஓட்டுநர்களின் சக்கரவர்த்தி, என் மருமகன் ஷுன்கிச்சிக்கு,

நீ நம்பவே மாட்டாய் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போர் தோற்று, விமானம் கட்டத் தடை வந்தபின், என்னைப்போல் வேலையற்ற மேதைகளை ரயில்வே சேர்த்துக்கொண்டதல்லவா? செவ்வாயன்று ரயில்பெட்டியின் மாதிரி ஒன்றைச் சுழலும் உருளைகள்மேல் ஓட்டினோம். நூறு கிலோமீட்டர் வேகம் வந்ததும் சக்கரங்கள் பாம்பாய் நெளிந்தன. பெட்டி எகிறி, என் தொப்பியைக் கவ்வி, சுவரைப் பிளந்து, தெருவில் கிழங்கு சுடுகிறவனின் அடுப்பை விழுங்கித்தான் ஓய்ந்தது!

தண்டவாளம் கோணல் என்பீர்கள்; உருளையில் கோணல் ஏது? கோளாறு சக்கர அமைப்பில்தான். பதினைந்தாம் தேதி சோதனை வண்டியை ஓட்ட மறுத்துவிடு.

உன் தாய்மாமன்,
கொரோஹெய்

ஹமமாத்சு
9 மே 1949

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பணிமனையில் வாசித்தேன். தண்டவாள மேஸ்திரி கன்ஸோ சிரித்தே தேநீரைக் கொட்டிக்கொண்டார். “உங்க மாமாகிட்ட சொல்லுப்பா, பறக்க விடலைன்னா எங்க வண்டிக்குச் சிறகு ஒட்ட வரவேணாம்னு!” வண்டி ஆடினால் தண்டவாளம் கோணல். முப்பது வருடமாக எங்கள் வேதம் அதுதான். குண்டு விழுந்த பாதையை நாற்பது பேர் மூன்றுமுறை நேராக்கிவிட்டார்கள்.

நான் ஓட்டியே தீருவேன். செய்ஜி அண்ணன் கைதவறி விமானத்தைக் கடலில் விட்டான் என்று ஊர் இன்னும் பேசுகிறது. அவன் படத்துக்குச் சோறு வைக்கும்போதுகூட அம்மா தலை நிமிர்வதில்லை. எங்கள் வீட்டுக் கை தவறாது என்று காட்ட வேண்டும்.

ஷுன்கிச்சி

தோக்கியோ
12 மே 1949

ஷுன்கிச்சி,

தொப்பி என் தலையில்தான் இருக்கிறது. அடுப்பு, சுவர் எல்லாம் புளுகு. ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை: அந்த ஆட்டம். அதை நான் முதலில் பார்த்தது செய்ஜி சோதனைக்காக ஓட்டிய விமானத்தில்.

வேகம் ஏறியதும் சிறகு தானாகத் துடித்தது. பிறகு கிழிந்தது. விமானம் வேறு, சிறகு வேறாக அவன் கடலில் மோதியதைக் கரையில் நின்று பார்த்தேன். அவன் கை தவறவில்லை. சிறகை வரைந்தவன் நான். ‘விமானியின் பிழை’ என்று அறிக்கை எழுதியவனும் நான்.

அக்காவிடம் சொல்லிவிடு. வண்டியை மட்டும் ஓட்டாதே.

கொரோஹெய்

தந்தி
14 மே 1949

வண்டி ஓட்ட மறுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி எழுதாதீர்கள்.
ஷுன்கிச்சி