வால்வு மேல் பூசின பச்சை

ராயப்பேட்டை
யுவ வருஷம் புரட்டாசி 2, புதன்கிழமை

என் மகன் ரகுபதிக்கு உன் நைனா பொன்னுரங்கம் சொல்லச் சொல்ல வஜீஹா எழுதும் லெட்டர். இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், ரங்கூனில் நீயும் மருமகள் தேவானையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினம் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை, நீ அனுப்பின போட்டோவைப் பார்த்துவிட்டு, இன்னா இப்டி இளைச்சிக்கினு போறான், அங்க சோறு கீதா இல்லியா என்று என்னைப் பிடித்துத் திட்டுகிறாள்.

உன் லெட்டரை மூணு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வீட்டை ஒட்டின ஷெட்டில் காத்து மிஷின் வைத்து, டாங்கியிலிருந்து சுவரோடு பைப்பு இழுத்து, டயருக்கும் ஸ்ப்ரே பெயிண்டுக்கும் அங்கேயே காத்து எடுக்கிறாய் என்று கேட்டு மனசு ரொம்பிப் போயிற்று. ஆனால் குழந்தை நடமாடுகிற இடம், அதனால் சொல்கிறேன். பைப்பை மட்டமாக இழுக்காதே, போகப் போக கொஞ்சம் சரிந்து இறங்கட்டும், கடைசி முனையில் அடியில் ஒரு குழாய் வைத்துத் தண்ணியைத் திறந்துவிடு. காத்தை அமுக்கினால் அது தண்ணி கக்கும், டாங்கிக்குள்ளே நின்றால் உள்ளுக்குள்ளேயே துரு தின்றுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது, அதனால் டாங்கி அடியிலும் சாயங்காலம் தவறாமல் திறக்கணும். ரப்பர் குழாயைக் கட்டுக்கம்பியால் கட்டாதே, கிளிப்பு போட்டு முடுக்கு, கழண்டால் பாம்பு மாதிரி சுழன்று அடிக்கும். காத்து உள்ளே இருக்கும்போது எந்த பைப்பு மூட்டிலும் கை வைக்காதே, காத்து அளவு காட்டுகிற மீட்டர் முள் கீழே வந்து படுத்த பிறகுதான் ஸ்பானர் எடுக்கணும். சட்டைத் தூசியை அந்தக் காத்தால் ஊதிக்கொள்கிற விளையாட்டெல்லாம் வேண்டாம். டாங்கி அடுப்படிச் சுவரை ஒட்டி இருந்தால் இன்றைக்கே இடம் மாற்று.

இதெல்லாம் உனக்கும் தெரிந்ததுதான். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், ஆயுத பூஜைக்கு நைனா செய்யற மாதிரியே மிஷினுக்குப் புது பெயிண்டு அடித்து சந்தனம் குங்குமம் வைத்து ஜோராகச் செய்யப் போகிறேன் என்று, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பூஜைக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது, நாளை வியாழக்கிழமைக் கப்பலில் இது போயாகணும். நான் செய்த மாதிரி செய்யாதே கண்ணு. ஒன்பது வருஷமாக நான் வாயைத் திறக்காத சங்கதியை இப்போது சொல்லித்தான் ஆகணும்.

அட்சய வருஷத்துப் பூஜைக்கு முதல் நாள் நீ பூ வாங்கப் போயிருந்தாய். மயிலாப்பூர் வக்கீல் காருக்கு அடித்து மிச்சமான பச்சை பெயிண்டு அரை டப்பா இருந்தது. அதை டாங்கிக்கு அடித்தேன், அடித்த ஜோரில் தலையில் இருக்கிற சேப்டி வால்வையும் சேர்த்துப் பூசினேன், பித்தளை பழுப்படித்துத் தெரிகிறதே என்று ரெண்டு கோட்டு. மறுநாள் அது மேலேயே சந்தனத்தை அப்பிப் பொட்டு வைத்தேன். நம்ம ஷெட்டு பெயிண்டர் மெஹபூப் அலி பாய், அதுதான் இந்த வஜீஹாவின் அத்தா, அதைப் பார்த்துவிட்டு, இன்னா பொன்னு, மிஷினுக்கு மாப்ள வேஷம் போட்டுகினு கீறே, பொண்ணு எங்க என்று சிரித்தார். அடுத்த நாள் காலையில் மிஷினை ஓட விட்டோம். உன்னை முள்ளைப் பார்க்கச் சொன்னவனும் நான்தான், பாதியில் பூசணிக்காய் உடைக்க வாசலுக்கு அனுப்பினவனும் நான்தான். நீ நகர்ந்தாலும் காத்து நூறு பவுண்டு ஏறினதும் வால்வு தானே தூக்கிக் காத்தை வெளியே விட்டிருக்கணும். பெயிண்டு காய்ந்து ஒட்டிக்கொண்டதால் தூக்கவில்லை. பைப்பு முனையில் இருந்த இரும்பு மூடி தெறித்து பாயோட இடது கண்ணில் பட்டது.

முள்ளைப் பார்க்காம எங்கடா போய்த் தொலைஞ்சே என்று தெருவே பார்க்க உன்னைச் செருப்பால் அடித்தேன். நீதானே அனுப்பினாய் என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். அது பதட்டத்தில் செய்தது என்று வைத்துக்கொண்டாலும் அதற்குப் பிறகு செய்தது அப்படியில்லை. எல்லாரும் கண்ணாஸ்பத்திரியில் இருக்கும்போது, ஷெட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று நான் மட்டும் திரும்பி வந்தேன். வால்வு வளையத்தை இழுத்தேன், அசையவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதைக் கழற்றித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டி அடியில் போட்டு, பழைய வால்வு ஒன்றை அந்த இடத்தில் முடுக்கினேன். ரகுபதி கவனிக்காமல் விட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிற்று, நானும் தலையை ஆட்டினேன். ஐப்பசியில் நீ கப்பல் ஏறினாய். மகன் பண்ணின பாவம் என்று உன் அம்மா இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் பாய் வீட்டுக்கு மீன் குழம்பு தூக்கிக்கொண்டு போகிறாள், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் வஜீஹா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தபாலாபீஸ் வாசலில் எழுதுகிறவனிடம் போயிருக்கலாம், வேண்டுமென்றேதான் இவளைக் கூப்பிட்டேன். மாமா, இத எங்கத்தாகிட்ட சொல்லிட்டு வாங்க, அப்பால மீதிய எழுதறேன் என்றாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தத் துணியோடு எடுத்துக்கொண்டு போனேன். இப்போதுதான் திரும்பி வருகிறேன்.

பாய் வால்வை வாங்கி நல்ல கண்ணுக்குக் கிட்டே வைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இந்தப் பச்சை நான் கலக்கினது பொன்னு, கறுப்பு ஒரு சொட்டு ஜாஸ்தியா வுட்டேன் என்றார். உள்ளேயிருந்து டீ வந்தது, எனக்கு ஊற்றச் சொல்லவில்லை. நான் எழுந்ததும், நாளைக்குக் கப்பல், முதல்ல புள்ளைக்கு எழுது, அவனும் வால்வுக்குப் பொட்டு வச்சிடப் போறான், உன்கிட்ட பேசவேண்டியது நிறைய கீது, அது அப்பால என்றார். வால்வைத் திருப்பித் தரவில்லை.

ஆகையால் கண்ணு, டாங்கிக்கு எந்த வர்ணம் வேண்டுமோ அடித்துக்கொள், வால்வை மட்டும் துணியால் மூடிக்கொண்டு அடி, சந்தனமும் பொட்டும் சக்கரத்துக்கு வை. தினம் மிஷினில் காத்து ஏறினதும் வால்வு வளையத்தை ஒரு தரம் இழுத்துப் பார், புஸ்ஸென்று விடாவிட்டால் அப்போதே நிறுத்திவிடு. அன்றைக்கு உன் பேரில் ஒரு தப்பும் இல்லை. இதைத் தபாலில் சேர்த்துவிட்டு உன் அம்மாவிடமும் சொல்லப் போகிறேன், வெள்ளிக்கிழமைக் குழம்பை இனிமேல் நான் தூக்கிக்கொண்டு போகிறேன், வாங்குவதும் வாங்காததும் அவர்கள் இஷ்டம். நீயும் தேவானையும் குழந்தையும் நூறு வயது நல்ல கண்ணோடும் கையோடும் இருக்க வேண்டும். என்னைப் பற்றி எழுத மனசு வராவிட்டால் வேண்டாம், வளையத்தை இழுத்தேன், சத்தம் வந்தது என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு உன் நைனா
பொன்னுரங்கம், இடது கைப் பெருவிரல் ரேகை