உன் வலது தோள்

இன்று பகலில் செம்பூர் நர்சிங் ஹோமில், பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெண்ணின் வயிற்றில் ஸ்கேன் ஜெல்லைத் தடவினேன். மயக்கம் கொடுப்பதற்கு முன்பே ஊசிக்கு இடம் பார்த்து வைப்பது என் வழக்கம். ஜில்லென்று பட்டதும் அவள் நெளிந்தாள். வெளியே மழை. இதே கட்டிலில் படுத்து, "ஏட்டி, ஐஸைக் கொட்டுதியா?" என்று நீ என்னைத் திட்டியது ஞாபகம் வந்துவிட்டது.

தாராவிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ பை தைக்கும் பட்டறைக்குப் போனாய். நான் மயக்க டாக்டர் ஆனேன். உனக்குப் பித்தப்பையை எடுக்கவேண்டும் என்றதும் நீ பயந்தது கத்திக்கு அல்ல, வலிக்கு. "சின்ன ஓட்டை போட்டுத்தான் எடுப்பாவ. வயித்துக்குப் போற நரம்பை நான் மரக்க வச்சிருவேன். ஒரு பொட்டு வலி இருக்காது" என்று ஜம்பமடித்தேன்.

நீ மயக்கத்தில் இருந்தபோது விலாவுக்குக் கீழே ஊசியைச் செலுத்தினேன். சாம்பல் நிறத் திரையில் தசை அடுக்குகள் விலகி மருந்து பரவியது, போர்வை மடிப்புக்குள் காற்று புகுவதுபோல. பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாலையில் நீ பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தாய். வீட்டுக்குப் போகிற நினைப்பில், ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று கேட்டாய். குர்லா என்றேன். "அப்ப இன்னும் நேரங் கெடக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

மாத்திரையே போதும், இந்த ஊசியெல்லாம் எதற்கு என்று என்னைக் கிண்டல் செய்திருந்த சர்ஜன் அப்போது வந்தார்.

"என்னம்மா, எங்க டாக்டரம்மா ஊசி எப்படி?"

"ஏக்தம் சூப்பர் சார். வலியே இல்ல."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் போனபிறகுதான் கவனித்தேன். உன் வலது தோள் காதுவரை ஏறியிருந்தது. போர்வை ஓரத்தைப் பல்லில் கடித்திருந்தாய்.

"வயிறு ஒண்ணுஞ் செய்யல. தோளுதான் உயிர் போகுது."

"ஏன்ட்டி அவர்ட்ட சொல்லல?"

"நீ பந்தயம் கட்டுன மாதிரில்லா நின்னே. வலிக்குன்னு சொன்னா உம் மூஞ்சி என்னத்துக்காகும்?"

ஆபரேஷனின்போது வயிற்றில் ஏற்றும் வாயு கொஞ்சம் மிச்சம் நின்றால் தோளில் வலிக்கும். அதற்கு என் ஊசி எட்டாது. எனக்கு அது தெரியும். ஜம்பத்தில் உன்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். வலி மருந்து கொடுத்து, மெல்ல எழுப்பி, தோளைத் தேய்த்துவிட்டபடி உன்னை வராந்தாவில் நடத்தினேன். நீ மழையைப் பார்த்துக்கொண்டே என்மேல் சாய்ந்து நடந்தாய். அவ்வளவு வெட்கமாகவும் அவ்வளவு சுகமாகவும் நான் எங்கும் நடந்ததில்லை.

"இனிமே எனக்காவப் பொறுத்தேன்னா கொன்னுருவேன்" என்றேன்.

"சரிட்டி" என்றாய்.

மூன்று மழைக்காலம் கழித்து, டோம்பிவிலி வீட்டில், மாரடைப்பில் போய்விட்டாய். காலையிலிருந்தே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாயாம். மகளுக்கு அன்று பரீட்சை. அவள் கிளம்பும்வரை நீ வாயைத் திறக்கவில்லையாம். எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். உன்மேல் இன்னமும் ஆத்திரம் தீரவில்லை.

வலியே இருக்காது என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை. இன்று அந்தப் பெண்ணிடமும் சொன்னேன்: "வயிறு மரத்திருக்கும். தோள் வலிக்கலாம். வலிச்சா உடனே சொல்லணும். எனக்காகப் பொறுத்துக்காதீங்க."

"உங்களுக்காக நான் எதுக்கு டாக்டர் பொறுக்கணும்?" என்று சிரித்தாள்.

அவளுக்கு நான் யாரோதானே. வலித்தால் சொல்லிவிடுவாள்.