ஒரு சிட்டிகை புதுப் பொடி

ஆடி, செவ்வாய்க்கிழமை. தாமுவே. மழை விடவில்லை.

தன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று, என்னோடு ஆராய்ச்சி செய்யும் மா திரி ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் போயிருக்கிறாள். லேபில் தன் பொடியை என்னை நம்பித்தான் விட்டுப் போனாள். கிராஃபீன் மேல் செம்பைப் பிணைத்து அவள் செய்த கறுப்புப் பொடி. பென்சைல் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்த பிறகு அதை வடிகட்டிக் கழுவினால், மறுபடியும் அதே மாதிரி வேலை செய்ய வேண்டும். செய்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனையே. "நீ கழுவினால் எனக்குக் கவலையில்லை, மா செல்வி" என்றாள், பர்மிய வழக்கப்படி என் பேருக்கும் முன்னால் ஒரு 'மா' போட்டு.

மத்தியானம் வடிகட்டும்போது கரண்ட் போனது, பம்பு நின்றது. அவசரத்தில் வடிதாளைச் சுரண்டினேன். அது கிழிந்து பொடியில் பாதி தண்ணீரோடு போய்விட்டது. அளவு குறைந்தால் கேள்வி வருமே என்று பாட்டிலிலிருந்து புதுப் பொடியை எடுத்துச் சேர்த்தேன். கறுப்போடு கறுப்பு, யாருக்குத் தெரியும்? கரண்ட் வந்ததும் அதையே வைத்து மறுபடியும் சோதனையை ஓட்டினேன். சாயந்திரம் குடுவையைத் திறந்தால் வாதுமை வாசனை மூக்கைத் துளைத்தது, ஆக்சிஜனேற்றம் நன்றாக நடந்ததற்கு அடையாளமாக.

மா திரி போன் செய்தாள். "பொடி தாங்கிச்சா?"

"தாங்கிச்சு."

"நாளைக்கே சயாமாகிட்ட சொல்லிடுறேன்!" பேராசிரியையிடம் சொல்வதற்கு முன்னால் அம்மாவிடம் ஓடினாள். அந்த அம்மா இருமலுக்கு நடுவே சிரித்தது எனக்குக் கேட்டது.

பழைய பொடி செத்திருந்தால் நான் சொன்னது பொய். அதையாவது ஒருநாள் ஒத்துக்கொண்டுவிடலாம். ஆனால் அது நிஜமாகவே தாங்கியிருந்தால்? அவள் ஜெயித்திருக்கலாம். அதை அவளுக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே பொடியில்தான் நான் புதுசைக் கலந்து வைத்திருக்கிறேன்.